எலி ஆராய்ச்சி இல்லை

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலேயே ஒச்சாண்டி அண்ணன் வாசலில் நின்றார். எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த தென்னந்தோப்பு அவருடையது. கையில் எலி கடித்துப் போட்ட குரும்பைகள்.

"ஏத்தா ஷர்மினு, நீ எலி ஆராய்ச்சி பண்றியாம்ல? உங்க அத்தாதான் சொன்னாக. இதுக்கு என்ன மருந்து வைக்க?"

திருதிருவென்று விழித்தேன். நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருப்பது ஒரு கார்ட்டூனின் வரலாறு. பூனை எலியைத் துரத்துமே, உலகமே பார்த்துச் சிரித்த அந்தத் தொடர். 1940இல் தொடங்கியது, பிறகு எத்தனை பேர் கைக்கு மாறியது, ஏன் மூடினார்கள், யார் திரும்ப எடுத்தார்கள், இதுதான் என் வேலை. இதில் குரும்பைக்கு மருந்து எங்கே இருக்கிறது?

அத்தாவிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பள்ளிவாசல்ல ஒம் மக என்ன படிக்குதுன்னு கேக்குறாக. பொம்மப் படம்னா சொல்லச் சொல்ற? எலின்னேன். அதுல எலி இருக்குல்ல?"

இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஜூன் 12

பக்கத்து வீட்டுப் பவுனக்கா வந்து எலிப்பொறி கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கைடு நாகராஜ் சாரைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். "நீங்க கம்பம் பக்கத்துப் பொண்ணு. திராட்சை வரலாறு எழுதுங்கம்மா. கமிட்டி கண்ண மூடிட்டு ஒத்துக்கும்" என்றார்.

திராட்சையா? கவாத்து வெட்டி, கொடி கட்டி, கை முழுக்கக் கீறல் வாங்கியவள் நான். திராட்சை எனக்குத் தெரியும். தெரியாததைப் படிக்கத்தானே படிப்பு? கம்பத்தில் பிறந்தவள் திராட்சைதான் எழுத வேண்டுமென்றால், சென்னைக்காரிகள் எல்லோரும் கடலைப் பற்றித்தான் எழுதுகிறார்களா? இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. "கார்ட்டூன்தான் சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24

இன்று படித்தது: முதல் படம் வந்ததும் மேலிடத்தில், போதும், பூனை எலியை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள் என்றார்களாம். தியேட்டர் பக்கமிருந்து ஒருவர், அடுத்த படம் எப்போது என்று கேட்டு எழுதிய பிறகுதான் மனம் மாறினார்களாம். அங்கேயும் ஒரு நாகராஜ் சார் இருந்திருக்கிறார்.

1957இல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். சில வருடம் கழித்து எங்கேயோ ஐரோப்பாவில் பிராக் நகரத்தில் உட்கார்ந்து வேறு ஆட்கள் வரைந்தார்கள். கோடு மாறியது, சத்தம் மாறியது, துரத்தல் மட்டும் நிற்கவில்லை. இதை வரலாறு இல்லை என்று யார் சொல்வது?

ஜூலை 3, வியாழன்

கமிட்டி. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார்கள். "ஊடகங்களில் விலங்கினச் சித்திரிப்பு." கார்ட்டூன் என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது.

"தலைப்புதானம்மா, உள்ள என்ன வேணா எழுதிக்கங்க" என்றார் சார்.

"முடியாது சார். எங்க அத்தா மறைக்கிறதே போதும்."

எப்படி வாயில் வந்ததோ. என்ன என்று கேட்டார்கள். ஒச்சாண்டி அண்ணன் கதையைச் சொன்னேன். மதுரையிலிருந்து வந்திருந்த அபிதா மேடம் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

ஜூலை 10

முடிந்தது. தலைப்பை மாற்று, இல்லையென்றால் வேறு கைடு பார்த்துக்கொள் என்றுவிட்டார் சார்.

காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அழுகை வேறு, மாற்றுவது வேறு. மாற்ற மாட்டேன்.

வீட்டில் அம்மா, "பேர மாத்தி வச்சா என்னடி கொறஞ்சு போகும்?" என்றது. அத்தா, "என்ன பேரு வைக்கச் சொன்னாக?" என்று கேட்டார். சொன்னேன்.

"அதுல கார்ட்டூனே இல்லையே."

"இல்லத்தா. அவுகளுக்கும் ஒங்கள மாதிரி வெக்கமா இருக்காம்."

சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, சொல்ல வேண்டியதுதான். அத்தா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து டீக்கடையில் நடந்ததை ஒச்சாண்டி அண்ணன் வந்து சொன்னார். "எம் மக எலிய ஒழிக்கல. பொம்மப் படத்தோட சரித்திரம் எழுதுது. நாந்தான் கூச்சப்பட்டு மாத்திச் சொன்னேன்" என்றாராம் அத்தா. "கொஞ்சப் பேரு சிரிச்சாய்ங்கத்தா. உங்க அத்தா கண்டுக்கல."

  

ஜூலை 21

அபிதா மேடத்துக்கு போன் போட்டு, எனக்குக் கைடாக இருப்பீர்களா என்று கேட்டேன். நேரில் வரச் சொன்னார். ஏற்றுக்கொள்வேன் என்று சொல்லவில்லை. அத்தா தானும் வருகிறேன் என்கிறார். தோட்டத்தில் வேலை கிடக்கிறதே என்றால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதுரை. மேடத்தின் துறை அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம். மேசையில் இருந்தவர் நிமிராமலே, "என்ன தலைப்பு?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தா எழுந்துவிட்டார்.

"கார்ட்டூனுங்க. பூனை எலியத் தொரத்துற படம். அதோட வரலாறு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா உட்காரவில்லை. மேசையில் இருந்தவர் அதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.