வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை

6 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம். என் நான்காம் ஆண்டு வகுப்பின் பின்சுவர் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. சீனப் புத்தாண்டுக்குத் தொங்கவிட்ட சிவப்புக் கூண்டு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகள் ஓலையில் பின்னிய கெத்துப்பாட் சோற்றுக்கூடு. மேலே, ‘இங்கே எல்லாருக்கும் இடம் உண்டு’ என்று நானே வெட்டி ஒட்டிய எழுத்துகள். தமிழர் மூலை மட்டும் காலி.

போன வருஷம் எனக்குத் தமிழ்ப் பிள்ளையே இல்லை. ஜூலையில்தான் காமினி சுங்கை பாக்காப் தமிழ்ப்பள்ளியிலிருந்து எங்கள் மலாய்ப்பள்ளிக்கு மாறி வந்தாள். அம்மாவோடு இங்கே பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். கேட்டால்தான் வாய் திறப்பாள்.

நானும் இப்படி ஒரு வகுப்பில் ஒற்றைத் தமிழச்சியாக உட்கார்ந்தவள்தான். ஆறு வருஷமும், ‘லினெட், உங்க வீட்டில் என்ன விசேஷம்?’ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என் வகுப்பில் அப்படி நடக்கக் கூடாது.

இன்று காமினியிடம் சொன்னேன், அடுத்த வாரம் நீதான் கோலம் போட்டு எல்லாருக்கும் விளக்கணும் என்று. தலையாட்டினாள்.

8 அக்டோபர்

“டீச்சர், எங்கிட்ட பட்டுப்பாவாடை இல்ல.”

அவ்வளவுதானா? அதுக்கென்னலா, நான் வாங்கித் தர்றேன் என்றேன். சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் மயில்நீலத்தில் ஒன்று எடுத்தேன். கடைக்கார அக்கா, “மகளுக்கா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

10 அக்டோபர்

இன்று, “எனக்குக் கோலம் நல்லா வராது டீச்சர்” என்றாள். கோணலாக வந்தாலும் கோலம்தான் என்றேன். நீ மாட்டேன்னா நம்ம மூலை காலியாத்தான் கிடக்கும், பார்த்துக்கோ என்றும் சொன்னேன்.

பக்கத்து வகுப்பு நோர்மா டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளைக்கு மனசில்லை போல, லினெட்” என்றார். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

16 அக்டோபர், வியாழன்

நன்றாக நடந்தது! காமினி குனிந்த தலை நிமிராமல் மயில் கோலம் போட்டாள். வராது என்றவள் போட்ட கோலமா இது? நானே தலை நிறையப் பூ வைத்துவிட்டேன். ஹாஃபிஸ் நான் வாங்கிவைத்த முறுக்கைக் கடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்ததில் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து எடுத்த படம் பள்ளியின் ஃபேஸ்புக்கில் போயாயிற்று. தலைமையாசிரியை கூப்பிட்டுப் பாராட்டினார். ராத்திரி படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

17 அக்டோபர்

எழுதக் கை வரவில்லை.

காலையில் காமினியின் அம்மா வந்தாள். ஜூரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அந்தச் சட்டையோடேயே. சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

“அவரு போயி இன்னும் வருஷம் திரும்பல டீச்சர். ஜூன்லதான் லாரி கவுந்து போனாரு. நாங்க வீட்ல எண்ணெச்சட்டி வைக்கல, கோலம் போடல. எம்புள்ள பூ வச்சி, பட்டு கட்டி சிரிக்கிற படத்த அவரு வீட்டாளுங்க எல்லாரும் பாத்துட்டாங்க. ‘ஈரம் காயல, அதுக்குள்ள ஆத்தாளும் மகளும் தீபாவளி கொண்டாடுறாளுங்க’ன்னு மாமியா போன்ல அழுவுது. நான் என்னா சொல்லட்டும்?”

எனக்குத் தெரியாதும்மா என்றேன். உண்மைதான். ஜூலையில், அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, “லாரி ஓட்டறாரு” என்றாள் அந்தப் பிள்ளை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

“தெரியாட்டி கேக்க வேணாமா? ஒங்க சுவத்துக்கு எம்புள்ளதான் கெடைச்சிச்சா?”

காமினியைத் தனியாகக் கூப்பிட்டு, ஏம்மா எங்கிட்ட சொல்லல என்றேன்.

“நான் மாட்டேன்னா நம்ம மூலை காலியா கெடக்கும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க.”

சே! பத்து வயசுப் பிள்ளை, அப்பனைப் பறிகொடுத்துட்டு வந்து, என் மூலைக்காகப் பூ வச்சிக்கிட்டு நின்னிருக்கு. பாவாடை இல்லங்குது, கோலம் வராதுங்குது. ஒவ்வொண்ணா வழி தேடுது அது, ஒவ்வொண்ணா அடைச்சிக்கிட்டே வர்றேன் நான். படிச்சுப் படிச்சு என்ன கிழிச்சேன்?

எங்கள் அப்பா இறந்த வருஷம் நாங்களும்தான் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. இந்துவானால் என்ன, வேதக்காரரானால் என்ன, துக்க வீட்டுக்கு நாள் கிழமை இல்லை என்று தெரிந்தவள்தானே நான்?

ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள். என்ன பிரயோசனம், பார்க்கக் கூடாதவர்கள் பார்த்தாயிற்று.

20 அக்டோபர், தீபாவளி

பலகாரம் சுடாத வீட்டுக்கு அடுத்தவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதிரசமும் ஓமப்பொடியும் வாங்கிப் போனேன். பெரியம்மா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. காமினியின் செருப்பு வாசலில் கிடந்தது.

27 அக்டோபர்

காமினி போகிறாள். புக்கிட் மெர்தாஜாமில் தாய்மாமன் வீட்டோடு இருக்கப் போகிறார்களாம். அம்மாவுக்கு வேலைக்குப் பக்கம், பிள்ளைக்கு அங்கே தமிழ்ப்பள்ளி. மாற்றுச் சான்றிதழ் கேட்க வந்த அம்மாவிடம், என்னாலதானேம்மா என்றேன். “அங்கன்னா எல்லாம் நம்ம புள்ளைங்க டீச்சர். அவ ஒருத்தியே எல்லாத்துக்கும் நிக்க வேணாம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

31 அக்டோபர், வெள்ளி

காமினி நேற்றோடு நின்றுவிட்டாள். அவளுக்கு அனுப்ப ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்யச் சொன்னேன். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். விளக்கு. விளக்கு. மயில் கோலம். விளக்கு. ‘முறுக்குக்கு நன்றி, காமினி.’

ஹாஃபிஸ் எழுந்து, “அடுத்த வருஷம் தீபாவளிக்கு யாரு டீச்சர்?” என்று கேட்டான். நல்ல பையன், மனசில் ஒன்றும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்கிறான். உட்காருடா என்றேன்.

காமினி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐனா மட்டும் பூனை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு காது கிழிந்த சாம்பல் பூனை.

இது ஏன் என்றேன்.

“காமினிக்கு இதுன்னா உசிரு டீச்சர். காண்டீன் பின்னால இருக்கும். அவ தெனமும் மீன் எடுத்து வச்சி ஊட்டுவா, நெறைய பேசுவா அதுகிட்ட. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன்.