மிளகாய்க் காம்பில் உறைந்த தயிர்

அன்பு மனைவிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? உன் இருமல் நின்றதா?

எனக்குச் சும்மா கொஞ்சம் வயிற்றுப்போக்கு, பதறாதே, நின்றுவிட்டது. காய்ச்சலுக்குத் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரை வயிற்றிலிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிட்டதாம். தயிர் சாப்பிடச் சொன்னார் டாக்டர். இந்த ஊர்க் கடையில் இருப்பதோ சர்க்கரைத் தயிர். உறைமோருக்கு எங்கே போவேன்? காம்பு கிள்ளாமல் மிளகாய் அனுப்பினாய் என்று சிடுசிடுத்தேனே, அந்தக் காம்புகளையே வெதுவெதுப்பான பாலில் போட்டு, நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தின்மேல் வைத்தேன். முதலில் கொழகொழ. அதையே புதுப் பாலில் மறுபடி உறை ஊற்றினேன். அறைக்குக் கொண்டுவந்ததும் மூடியைத் திறந்த அறைத்தோழன் கத்தினான்:

“அண்ணே, கவுத்தாலும் விழாது போல!”

உறைந்துவிட்டதடி! வயிறும் கப்சிப்.

அறைத்தோழர்கள் வழித்துத் தின்னுமுன் நாளைய உறைக்கு ஒரு கரண்டி ஒளித்து வைக்கிறேன், எனக்கு நீ வைப்பாயே, அதுபோல.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மிளகாய் அனுப்பு. பொட்டலத்தைக் கடையில் கட்டவிடாதே. உன் கை முடிச்சை நான் அவிழ்க்கவேண்டும்.