அணைக்காத சூடம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் நான் என்று உங்களுக்குத் தெரியும். மடுல்சீமையில் மழை விடவில்லை. பாதையும் அப்படியேதான் கிடக்கிறது. நேற்று நம் மாரியம்மன் கோயிலில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பழைய வேலைநிறுத்தத்தின்போது தேயிலைக் கொழுந்து லொறியை மறித்தவர்களின் பெயர்களைத் தோட்டத் துரையிடம் சொன்னது நீங்கள்தான் என்று தோட்டமே பேசியது. அவர்களுக்கு வேலை போனது. நீங்களோ அன்று முழுக்கக் காய்ச்சலோடு நம் லயத்து வீட்டில் படுத்திருந்தீர்கள். "பொண்டாட்டி சாட்சி செல்லாது. கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்றார் தொழிற்சங்கத் தலைவர். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் சூடத்தைத் தொடாமல் கோயிலை விட்டு இறங்கி வந்துவிட்டீர்கள்.

வீட்டில் நான் கத்தினேன். "நான் சத்தியம் பண்ணா, செஞ்சவன் குடும்பத்து மேல ஆத்தா கோவம் விழும். அவனுக்கும் புள்ளைங்க இருக்கும்ல?" என்றீர்கள். ஊரார் பிள்ளைக்கு இரக்கப்பட்ட மனிதருக்கு நம் பிள்ளை ஞாபகம் வரவில்லையா? சாகும்வரை 'காட்டிக்கொடுத்தவன்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே தினமும் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் போய் நின்றீர்களே!

இப்போது நம் செல்விக்குப் பசறையில் ஒரு சம்பந்தம் வந்தது. அந்தப் பேச்சு அவர்கள் காதுக்கும் போய்விட்டது. "அவருக்குப் பதிலா நீங்க சத்தியம் பண்ணுங்க, தேதி குறிச்சிருவோம்" என்றார்கள். நான் உடனே சம்மதித்தேன். உங்களைப் போல நான் சாமியார் இல்லை.

சூடத்தைக் கொளுத்தினார்கள். கையை ஓங்கினேன். கூட்டத்தில் ஒருவர் தம் சின்ன மகளைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார். உங்களை அதிகமாக ஏசியவரும் அவர்தான். அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து என்னிடம் சிரித்தது. என் கை இறங்கவில்லை. சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

"பாத்தியா, இந்தம்மாவும் பயப்படுது" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. இவ்வளவு கசப்பையா நீங்கள் இத்தனை வருடம் விழுங்கினீர்கள்? காட்டிக்கொடுத்த ஆள் அவர்தான் என்று உங்களுக்கும் தெரியுமா?

செல்விதான் என் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, போவோம். அப்பாவ நம்பாத வீட்டுல நான் வாழ மாட்டேன்." சம்பந்தம் போய்விட்டது. உங்கள் மேல் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

இன்று காலையில், "ஏம்மா கைய நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். அந்த மனிதரின் பெயரை நம் மகளிடம்கூடச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை கோயிலுக்குப் பயமில்லாமல் வரட்டும்.

உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே குடும்பம் நடத்திய
உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா