ஏழாம் பெட்டியில் படம் நிற்கிறது

மார்ச் 3, திங்கள்

காபி இன்னும் வாய்க்கே போகவில்லை, அதற்குள் போன். "ஏழாம் பெட்டி. படம் நின்னுபோச்சு." போன வாரம் முழுக்க இதே பாட்டுத்தான்.

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள் வீட்டிலிருந்தே போனில் நேரலையாகப் பார்க்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓடவில்லை என்றால் திட்டு வாங்குவது கணினிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நான். மற்றவர்கள் ஏதோ பொறுத்துப் போகிறார்கள். ஏழாம் பெட்டி அம்மா மட்டும் விடுவதாயில்லை.

பாவம்தான். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு விடாத காய்ச்சல், கிருமித் தொற்று. வார்டுக்குள் விடமாட்டார்கள். பெற்ற மகளை இதுவரை கையில் வாங்கவில்லை. கணவனுக்கு எங்கோ தூரத்தில் சுரங்கத்தில் வேலை, லீவு கிடையாது. இரண்டு பேருக்கும் பிள்ளை என்றால் அந்தப் போன் திரைதான். எல்லாம் தெரியும். அதற்காக ஆறரை மணிக்கா?

மார்ச் 4, செவ்வாய்

புகார் உண்மைதான். வார்டு வைஃபை படு மோசம். படம் திக்கித் திக்கி வருகிறது, நடுவில் சக்கரம் சுற்றுகிறது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரீஸ்டார்ட். எதைச் சொன்னாலும் "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டாலும் இதைத்தான் சொல்வார் போலிருக்கிறது. பண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் படத்தின் தரத்தை நன்றாகக் குறைத்துவிட்டேன். தரம் குறைந்தால் டேட்டா குறையும், தடங்கலும் இருக்காது. சாயந்திரம் வரை ஒருதடவைகூட சக்கரம் சுற்றவில்லை. அப்பாடா.

மார்ச் 5, புதன்

ஏழாம் பெட்டி. படம் நிற்கிறதாம்.

மார்ச் 6, வியாழன்

அவள் போனுக்குப் போன படம் எங்கேயும் நிற்கவில்லை. சர்வர் பதிவு முழுவதையும் பார்த்துவிட்டேன். அதைச் சொன்னதுதான் தாமதம்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"இல்லம்மா, எங்க பதிவுல பாத்தா…"

"உங்க பதிவையா நான் பெத்தேன்?"

படம் நின்றதும் அவள் வார்டுக்கும் கூப்பிடுகிறாள், 'போய்ப் பாருங்க, போய்ப் பாருங்க' என்று. சிஸ்டர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தலைமை சிஸ்டர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

சாயந்திரம் பளிச்சென்று ஒரு யோசனை. படத்தின் மூலையில் மணி, நிமிடம், நொடி ஓடும்படி வைத்துவிட்டேன். நொடி ஓடினால் படமும் ஓடுகிறது என்று அர்த்தம். இனி யாரும் வாய் திறக்க முடியாது! வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். "நம்ம வீட்டு வைஃபையும் ஒரு வாரமா படுத்துக் கிடக்கு, டாக்டரம்மா எப்ப வந்து பாப்பாங்க?" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் போனை எடுத்ததும் அலறல். "நொடி ஓடுது! நொடி ஓடுது, என் புள்ள மட்டும் அசையல!"

வார்டே ஓடியிருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வழக்கம்போலத் தூக்கம். அப்புறம் அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னாள். "முந்தி படம்தான் நின்னிருக்கும்னு நெனச்சு மனசத் தேத்திக்குவேன் மேடம். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்களே."

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "நிம்மதிக்குன்னு வெச்சது. இங்க யாருக்கும் நிம்மதியில்ல. செவ்வாய்க்கெழம வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா எல்லாக் கேமராவையும் கழட்டிடுங்க."

கழட்டட்டுமே! எனக்கென்ன வந்தது? தொல்லை விட்டது. — அப்புறம் அவள் எதைப் பார்ப்பாள்?

மார்ச் 8, சனி

நொடியை எடுத்துவிட்டேன். "ஏன் எடுத்தீங்க?" என்று அதற்கும் ஒரு போன். இப்படிக் கேட்டால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 9, ஞாயிறு

லீவு நாள். மனம் கேட்கவில்லை, போனேன். கை கழுவி, அங்கி மாட்டி, தொப்பி போட்டு, ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். உள்ளங்கை அகலம் நெஞ்சு இருந்தால் அதிகம். மல்லாந்து தூங்குகிறது. வயிறு மட்டும் விறுவிறுவென்று ஏறி இறங்குகிறது.

போனை எடுத்து அதே பெட்டியின் நேரலையைப் போட்டேன்.

போனில் வயிறு ஏறவில்லை.

கண்ணாடியைப் பார்க்கிறேன், போனைப் பார்க்கிறேன், மறுபடி கண்ணாடி. "என்னம்மா, நீங்களும் நின்னுட்டீங்களா?" என்றார் தலைமை சிஸ்டர். சிரிக்க வரவில்லை. சிஸ்டர் பெட்டிக்குள் கைவிட்டுத் துணியைச் சரிசெய்தார். கை போனில் நன்றாகவே தெரிந்தது. அப்படியானால் படம் ஓடுகிறது. மூச்சுதான் வரவில்லை.

நான் செய்த வேலை. தரத்தைக் குறைத்தால் அனுப்புகிற மென்பொருள் கஞ்சத்தனம் பண்ணும். அப்படியே இருக்கிற இடத்தைத் திரும்ப அனுப்பாது, பழைய படத்தையே காட்டும். சுவர் அசையாது, சரி. மெஷின் அசையாது, சரி. இந்தப் பொடிசின் மூச்சு அதன் கணக்கில் அசைவே இல்லை. தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்று நான் வெட்டிப்போட்டது அந்த மூச்சைத்தான். அதுக்கு மேல கடிகாரம் வேற வெச்சேனே! அறிவு இருக்கா எனக்கு?

மார்ச் 10, திங்கள்

தரத்தை ஏற்ற வேண்டும் என்றால் ரீஸ்டார்ட் மறுக்கிறார். "லைன் தாங்காதும்மா. மறுபடி சக்கரம் சுத்தும். ஒருதடவை ஆஃப் பண்ணி…" "சார்!" என்று ஒரு கத்தல் கத்தினேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியதற்காக வருத்தப்படவில்லை.

ஏற்றினேன். கேமராவையும் கீழே இறக்கி, சுவர், மெஷின், மேஜை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பிள்ளை மட்டும் தெரியும்படி வைத்தேன். இருக்கிற டேட்டா முழுக்க அதற்கே போகட்டும். அப்படியும் அவ்வப்போது சக்கரம் சுற்றத்தான் செய்கிறது. நானே அவளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இனிமே நெஜமாவே அப்பப்ப நிக்கும். சக்கரம் சுத்தும்."

"சுத்தட்டும் மேடம். நின்னா நின்னதுன்னு தெரியணும், அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே நேரலையைத் திறந்தாள். "வயிறு தெரியுது" என்றாள். மறுபடியும், "வயிறு தெரியுது மேடம்." அவள் அழுதாள். நானும்தான், யாருக்குத் தெரியப்போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய டாக்டர் தன் போனில் ஏழாம் பெட்டியைப் பார்த்தார். வார்டுக்கு எத்தனை போன் வந்தது என்று கேட்டார். "ஒண்ணும் வரல" என்றார் தலைமை சிஸ்டர். "சரி, இருக்கட்டும்." கேமராக்கள் தப்பின.

"எல்லாத்தையும் ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணோம் சார்" என்றார் எங்கள் மேலாளர். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மற்றப் பெட்டிகளையும் அதே மாதிரி மாற்றிவிட்டேன். ஏழாம் பெட்டி அம்மா மூன்று நாளாகக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? இதற்கும் நான்தான் கவலைப்பட வேண்டுமா?

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் தெரியாத எண். ஆண் குரல், பின்னால் ஏதோ இயந்திர இரைச்சல். "மேடம், ஏழாம் பெட்டி. படம் நின்னுபோச்சு."

மறுபடியுமா?

"நான் புள்ளையோட அப்பா. அவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, இன்னிக்கு உள்ள விடறாங்கன்னு சொன்னா. கேமராவைக்கூட சிஸ்டர் அவ பக்கம் திருப்பி வெச்சாங்க. கையில குடுத்தாங்க, பாத்துட்டே இருந்தேன். அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. நானும் எத்தன தடவை மூடித் தெறந்துட்டேன்."

நேரலையைத் திறந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி. அதில் ஒரு சின்னப் பெண். இவளா அவள்? அந்தக் குரலுக்கு நான் என்னவோ பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நெஞ்சின் மேல் குப்புறப் பிள்ளை. இரண்டு கையும் அதன் முதுகில். எதுவும் அசையவில்லை.

கிட்டத்தில் பார்த்தேன்.

"சார், படம் நிக்கல. அவங்க தூங்கிட்டாங்க. புள்ள முதுகு மேல இருக்கிற கையப் பாருங்க."

அந்தப் பக்கம் இரைச்சல் தள்ளிப்போனது, ஓரமாகப் போய்ப் பார்க்கிறார் போலிருக்கிறது. "ஆமா" என்றார். "ஆமா மேடம். ரெண்டு பேருக்கும் சேந்து ஏறி எறங்குது."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ரீஸ்டார்ட் எட்டிப் பார்த்தார். "ஏழாம் பெட்டியா? மறுபடி என்ன பிரச்சன?"

"ஒண்ணுமில்ல சார். அம்மாவும் பொண்ணும் தூங்கறாங்க."

என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லவில்லை.