விரிக்காத பாய்

1971 ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று எங்கள் ஊரான சல்லியின் கரையிலிருந்து ஒரு தோணியும் கடலுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று மாலையில்தான் தெரிந்தது.

மழை வராது என்று வானத்தைப் பார்த்து நிச்சயித்த பிறகுதான் வாசலில் கருவாட்டுப் பாயை விரிப்பேன். நேற்றுப் பிடித்த மீனையெல்லாம் கிண்ணியா வியாபாரி பச்சையாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டார். காயப்போட ஒன்றும் இல்லை. பாய் சுருட்டியபடியே கிடந்தது.

மாலையில் தம்பி வந்தான்.

"அக்கா, காத்தையும் காணேல்ல, மழையையும் காணேல்ல. ஏன் பாய் விரிக்கேல்ல?"

"மீன் இல்லையடா. அதுக்கும் தோணிக்கும் என்ன?"

"மழையைப் பற்றி றேடியோ சொல்லுறதை ஆர் நம்புறது? நீங்கள் மீனை நனைய விடமாட்டியள். விடிய உங்கட வாசலில பாய் கிடக்கிறதைப் பாத்துத்தானே நாங்கள் எல்லாரும் தோணி தள்ளுறம்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுருட்டிக் கிடந்த பாயைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் கரை அலை தோணியைப் புரட்டிப் போடும். இது அந்த மடையன்களுக்குத் தெரியாதா?

இன்று யாரும் போகாததால் நாளைக்கும் காயப்போட மீன் இல்லை. பாயைக் காணாவிட்டால் நாளைக்கும் போகமாட்டார்கள். வெறும் பாயையாவது விரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முதல், விடிய எழும்பி அலை உடைகிற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.

இத்தனை காலமும் நான் வானத்தை மட்டும்தான் பார்த்தேன்.