சத்தம் போடாத கார்

அன்புள்ள வீட்டு எஜமானி அம்மாளுக்கு,

நானும் என் தொப்பையும் நலம். உன் உடம்பைப் பற்றிக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்; ஆனால் கார் கதையைச் சொல்லாமல் அது விளங்காது.

ஷிஃப்டுக்குப் போய்வர ஒரு கார் வாங்கலாமென்று, கூட வேலை பார்க்கும் மீசைக்காரனை இழுத்துக்கொண்டு பழைய கார் கடைக்குப் போனேன். சின்னக் கார்கள் இரண்டு இருந்தன. இரண்டுமே பாய்ச்சலுக்குப் பேர்போனவை. ஒன்று உறுமியது, ஒவ்வொரு பள்ளத்தையும் என் முதுகெலும்பில் எழுதியது. மற்றது மெத்தைபோல மிதந்தது. பள்ளமும் தெரியவில்லை, வேகமும் தெரியவில்லை.

"தினமும் ஓட்ட இதுதான் சார். சத்தமே வராது" என்றார் கடைக்காரர்.

"வராதா, வெளிய வராம அமுக்கி வச்சிருக்கீங்களா?"

மீசை தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், சொகுசக் குடுத்தாலும் சந்தேகமா? உன்னைக் கட்டிக்கிட்ட மகராசி பாவம்யா!"

அவனுக்கென்ன தெரியும்? உறுமும் வண்டி எங்கே வலிக்கிறதென்று சொல்லிவிடும். 'உன்னைப்போல' என்று எழுத வந்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், நெஞ்சு படபடப்புக்கு டாக்டர் என்ன சொன்னார் என்றேன். "எல்லாம் நல்லாருக்குங்க, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று வழுக்கிக்கொண்டு போனாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

இரண்டு காரையும் வாங்கவில்லை. ஊருக்கு வர லீவு கேட்டுவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. திட்டுவதானால் டாக்டர் சொன்னதை முழுசாகச் சொல்லிவிட்டுத் திட்டு. என் போர்வையை வெயிலில் போட்டு வை.

ஷிஃப்டுக்கு நேரமாச்சென்று மீசை கீழே ஹாரன் அடிக்கிறான்.

உன்
சந்தேகப் பிராணி