சிபேகோவை வெளியே அனுப்ப நீ யார்?

சோமா,
ஜூன் மாதம்

என் மகன் லுவெண்டோவுக்கு,

நானும் உன் தங்கையும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மான்செஸ்டரில் நீயும் நன்றாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் இதை முழுக்கப் படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். போனில் பேசினால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

மோன்சேயில் உன் மாமியின் சாவுக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் பேக்கரியில் சிபேகோ இல்லை. கேட்டால், பேக்கரியில் நீ மாட்டிய கேமராவில் அங்கிருந்தே பார்த்தாயாம், அவள் மாவு மூட்டைமேல் நாற்பது நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளாம், "உட்காரவா சம்பளம்? நாளையிலிருந்து வராதே" என்று செய்தி அனுப்பினாயாம். பதினோரு வருடம் நம் அடுப்பைப் பார்த்தவளுக்கு இரண்டு வரி! அட மடையா, பிசைந்த மாவு உப்பும்வரை அவள் வேறென்ன செய்வாள், நின்று கைதட்டுவாளா? நம் ஊர் ஜூன் குளிரில் அதற்கு இரண்டு மடங்கு நேரமாகும். விடிவதற்கு முன்பே வந்து அவள் பிசைந்ததைக் கேமரா பார்த்தது, நீதான் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அவள் இடத்துக்கு நீ அனுப்பிய உன் நண்பனின் தம்பி உனக்குப் பயந்து நாளெல்லாம் நின்றான், உப்பாத மாவை அப்படியே சுட்டான். பெண்கள் பள்ளிச் சமையல்காரி பெட்டி பெட்டியாகத் திருப்பிக் கொண்டுவந்து, "ரோடாம்மா, இத வெச்சுச் சுவர் கட்டலாம், புள்ளைங்களுக்குக் குடுக்க முடியாது" என்றாள். உன் அப்பா இறந்த வாரம் நாம் எழவே இல்லை, அப்போதும் அந்தப் பள்ளிக்கு ஒருநாள்கூட ரொட்டி தவறாமல் பார்த்துக்கொண்டவள் சிபேகோ. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "உங்கமேல கோவம் இல்லம்மா. ஆனா நீங்க மறுபடி ஊருக்குப் போவீங்க, உங்க மகன் மறுபடி பாப்பாரு. தண்ணி குடிக்கக்கூட நான் யோசிக்கணுமா? ஆஸ்பத்திரிச் சமையலுக்குக் கூப்பிடறாங்க, போறேன்" என்றாள். கேமரா மாட்டிய அன்று என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தானே, கோபத்தில் பாதி என்மேல்தான். வந்ததும் ஏணி போட்டு அதைக் கழற்றினேன். மறுநாள் மறுபடி போய், இனி நீ வேலைக்காரி இல்லை, கூட்டாளி, பேக்கரியில் பாதி உனக்கு என்றேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். அப்புறம், "ஆள எடுக்கறதும் நிறுத்தறதும் நம்ம ரெண்டு பேர் மட்டும் பேசி முடிவு பண்ணணும், சரியா?" என்றாள். சரி என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்தப் பையனை அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "பாவம், அவனுக்கு யாரு கத்துக் குடுத்தா?" என்று தன்னோடு வைத்துக்கொண்டாள். ஆளை வைத்துக்கொள்வது இப்படித்தான், பார்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவளைக் கூப்பிடு. செய்தி அனுப்பாதே, உன் குரலில் மன்னிப்புக் கேள். திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேள். அதுவரை என் எண்ணுக்குக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும், கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இன்னும் ஆறாத கோபத்தோடு,
உன் அம்மா
ரோடா